விலகுபவன் கோழையா?

கருவடிக்குப்பத்தில் நான் குடியிருக்கும் தெரு நீளமானது, அகலம் குறைந்தது. அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அத்தெரு முழுவதும் பிள்ளைகளின் உடைமையாகிவிடும். பாரதியாரின் குயில் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் தோப்பு இருந்த ஊர் இது. இன்று இங்கே குயிலின் குரலைவிட மிதிவண்டி மணியோசையே மிகுதியாகக் கேட்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. தெருவின் இரு முனைகளிலும் இரண்டு சிறுவர்கள் மிதிவண்டிகளுடன் நின்றார்கள். நடுவில் நின்ற ஒருவன் கையசைத்ததும் இருவரும் எதிரெதிராக முழு வேகத்தில் மிதித்து வந்தார்கள். யார் முதலில் விலகுகிறானோ அவன் தோற்றவன், இதுவே விளையாட்டு. இருபுறமும் நின்ற பிள்ளைகள் கூச்சலிட்டுத் தூண்டினார்கள். இன்னும் ஓரிரு கஜ தூரமே இருக்கையில் ஒருவன் கைப்பிடியைத் திருப்பிச் சாக்கடை ஓரத்தில் விழுந்தான். மற்றவன் நேரே பாய்ந்து சென்று, வெற்றிக் களிப்புடன் திரும்பி வந்தான். விழுந்தவனைச் சூழ்ந்துகொண்டு எல்லாரும் "பயந்தாங்கொள்ளி" என்று கைகொட்டினார்கள்.

பதறிப்போய் வெளியே ஓடியபோதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. வென்றவனின் வண்டியில், பின்னால் கேரியரின் மீது, ஐந்து வயதுத் தங்கை அமர்ந்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். அண்ணனின் சட்டையைப் பற்றிய கை இன்னும் தளரவில்லை.

விழுந்தவன் என்னிடம் ஓதும் மாணவன். அவனுடைய முழங்கைச் சிராய்ப்பைக் கழுவியபடியே, ஏன் விலகினாய் என்று கேட்டேன். "அவன் பின்னாடி பாப்பா இருந்துச்சு ஹஜ்ரத்" என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "நான் கோழையா ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

இல்லையப்பா என்று உடனே சொல்லிவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னைவிட்டு அகலவில்லை. அது அச்சிறுவன் மட்டும் கேட்ட வினா அன்று. உலகின் பெரும் பெரும் தலைவர்களும், அவர்களைத் தலைவர்களாக ஏற்றுக்கொண்ட மக்களாகிய நாமும் விடை கண்டாக வேண்டிய வினா. ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெட்ரண்ட் ரஸ்ஸல் 1959ஆம் ஆண்டு எழுதிய ஒரு நூலில், அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசுகளின் போக்கை, இளைஞர்கள் மோட்டார் வண்டிகளை எதிரெதிரே ஓட்டி ஆடும் இதே விளையாட்டுக்கு ஒப்பிட்டார். மூன்றே ஆண்டுகளில் அந்த ஒப்புமை நிகழ்ச்சியாகவே மாறியது.

பதின்மூன்று நாட்கள்

1962ஆம் ஆண்டைப் புதுச்சேரியார் எளிதில் மறக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் பிரான்சு நம் மண்ணைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தது. அடுத்த மாத இறுதியில், மூதறிஞர் ராஜாஜி தம்முடைய 83ஆம் வயதில் காந்தி அமைதி அறக்கட்டளையின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி வாஷிங்டனுக்குச் சென்றார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டுமென்று அமெரிக்க அதிபர் கென்னடியிடம் நேரில் எடுத்துரைத்தார். வேட்டி கட்டிய அந்தத் தமிழ் முதியவரின் சொற்களைக் கென்னடி பொறுமையுடன் கேட்டுக்கொண்டார். அதன்பின் சில வாரங்கள்கூடச் செல்லவில்லை. அதே கென்னடியின் கையில் உலகத்தின் கழுத்து அகப்பட்டது.

அக்டோபர் 16ஆம் நாள் காலை அவரிடம் சில புகைப்படங்கள் காட்டப்பட்டன. அமெரிக்கக் கரையிலிருந்து 90 மைல் தொலைவிலுள்ள கியூபாத் தீவில், சோவியத் யூனியன் அணு ஏவுகணைத் தளங்களை மறைவாக அமைத்து வருவதை அப்படங்கள் காட்டின. உடனே குண்டு வீசி அழித்துவிட வேண்டும் என்று படைத்தலைவர்கள் வற்புறுத்தினார்கள். கென்னடி அதற்கு இணங்கவில்லை. தீவைச் சுற்றிக் கடலில் கப்பல்களை நிறுத்தி, ஆயுதம் ஏற்றிவரும் சோவியத் கப்பல்களை மறிப்பது என்று முடிவு செய்தார். 22ஆம் நாள் இரவு தொலைக்காட்சியில் தோன்றி, ஏவுகணைகள் அகற்றப்பட வேண்டும் என்று உலகறிய அறிவித்தார். 24ஆம் நாள் மறிப்பு நடைமுறைக்கு வந்தது.

சோவியத் தலைவர் குருஷேவுக்கும் தம் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. அமெரிக்காவின் ஏவுகணைகள் துருக்கியில், சோவியத் நாட்டின் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தன. கியூபாவின் மீது அமெரிக்கா மீண்டும் படையெடுக்கக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. இரண்டு வண்டிகளும் எதிரெதிரே விரைந்தன. இந்தப் பூமியின் மீதிருந்த அத்தனை உயிர்களும் அவற்றின் பின்னால் அமர்ந்திருந்தன.

அந்நேரத்தில் இடையே புகுந்து பேசியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது என் போன்றோருக்குப் பெருமை தரும் செய்தி. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்த ஊ தாண்ட், பர்மாவில் பன்டனாவ் என்னும் சிற்றூரின் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நம் மூதாதையர் வாணிபத்துக்குப் போய் வந்த அந்த நாட்டின் மகன், இரு தலைவர்களுக்கும் தூது அனுப்பினார். உங்கள் கப்பல்களை மறிப்புக் கோட்டிலிருந்து சிறிது காலம் விலக்கி வையுங்கள் என்று ஒருவரிடமும், நேருக்கு நேர் மோதலைத் தவிருங்கள் என்று மற்றவரிடமும் வேண்டினார். இருவரும் செவிசாய்த்தார்கள். எதிரி கேட்டால் இணங்குவது இழுக்கு. நடுவர் கேட்டால் இணங்கலாம். விலகுவதற்கு ஒரு கௌரவமான வழியை அந்த ஆசிரியர் திறந்துவைத்தார்.

28ஆம் நாள் மாஸ்கோ வானொலி, கியூபாவிலிருந்து ஏவுகணைகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தது. உலகம் பெருமூச்சு விட்டது.

கடிவாளம் யார் கையில்?

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர், இரண்டு தலைவர்கள் சதுரங்கக் காய்களை நகர்த்தியது போலவே கூறுவார்கள். விளிம்புவரை சென்று நிற்பது ஒரு கலை என்றும், அக்கலையில் தேர்ந்தவரே தலைவர் என்றும் வாதிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆனால் பல்லாண்டுகள் கழித்து வெளிவந்த செய்திகள் வேறொன்றைச் சொல்கின்றன. விளிம்பில் நின்றபோது கடிவாளம் அவ்விரு தலைவர்களின் கையிலும் இல்லை.

அக்டோபர் 27ஆம் நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அன்று கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் மாண்டார். சுடும்படி குருஷேவ் ஆணையிடவில்லை. தீவிலிருந்த தளபதிகள் தாமே முடிவெடுத்தார்கள். அதே நாளில் மற்றோர் அமெரிக்க விமானம் வடதுருவப் பகுதியில் வழிதவறி, சோவியத் வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. அதைக் கென்னடி அனுப்பவில்லை.

அன்றே கியூபாவை அடுத்த கடலில், பி-59 என்னும் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் அமெரிக்கப் போர்க்கப்பல்களால் சூழப்பட்டது. அதை மேலே வரச் செய்வதற்காக எச்சரிக்கை வெடிகள் நீரில் போடப்பட்டன. உள்ளே வெப்பம் தாங்க முடியாத அளவு. மாஸ்கோவுடன் தொடர்பு இல்லை. வெளியே போர் மூண்டுவிட்டதா என்பதும் தெரியவில்லை. அக்கப்பலில் அணுகுண்டு பொருத்திய நீர்க்கணை ஒன்று இருந்தது. கப்பல் தலைவர் அதைச் செலுத்த ஆயத்தப்படுத்தும்படி சொன்னார் என்றும், உடனிருந்த வசீலி அர்கிபோவ் என்னும் அதிகாரி அவரை அமைதிப்படுத்தித் தடுத்தார் என்றும் அக்கப்பலில் இருந்தவர் பின்னாளில் தெரிவித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டில்தான் உலகம் இதைப் பரவலாக அறிந்தது.

இன்னொன்றும் உண்டு. கியூபாவில் இருந்த சோவியத் படையினர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அமெரிக்க உளவுத்துறை கணித்ததோ அதில் கால் பங்கு. தரைப்படை கரையிறங்கினால் அதன்மீது வீசுவதற்கென்றே சிறிய அணு ஆயுதங்கள் அங்கு வைக்கப்பட்டிருந்தன. 1962இல் பாதுகாப்பு அமைச்சராயிருந்த மக்னமாரா இதை உறுதியாகத் தெரிந்துகொண்டது 1992ஆம் ஆண்டில்! படைத்தலைவர்களின் சொல்லைக் கேட்டுக் கென்னடி படை அனுப்பியிருந்தால் நடந்திருக்கக் கூடியதை எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது.

என் தெருவில் வண்டி ஓட்டிய சிறுவனும் இப்படித்தான் நினைத்திருப்பான்: கடைசி நொடியில் விலகிக்கொள்ளலாம் என்று. சங்கிலி கழன்றால் என்ன ஆகும், சக்கரம் கல்லில் ஏறினால் என்ன ஆகும், எதிரே வருபவனும் அதே நொடியில் அதே பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. விளிம்புவரை சென்று திரும்பிவிடலாம் என்பவன், விளிம்பு எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும் எனக் கருதுகிறான். அவனுடைய முதல் பிழை அதுவே.

மறைக்கப்பட்ட பாதி

நெருக்கடி தீர்ந்தபின் மக்களிடையே பரவிய கதை இது: கென்னடி உறுதியாக நின்றார், குருஷேவ் அஞ்சிப் பின்வாங்கினார். இக்கதை பாதி உண்மை. மறு பாதி மறைக்கப்பட்டது.

அக்டோபர் 27ஆம் நாள் இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினைத் தனியே சந்தித்தார். கியூபாவின்மீது படையெடுப்பதில்லை என்று அமெரிக்கா வெளிப்படையாக உறுதியளிக்கும். துருக்கியிலுள்ள ஏவுகணைகளும் சில மாதங்களில் அகற்றப்படும். ஆனால் இரண்டாவது வாக்குறுதி வெளியே தெரியக் கூடாது. இதுவே அன்று பேசப்பட்டதன் சாரம். அவ்வாறே 1963 ஏப்ரலுக்குள் துருக்கியின் 15 ஏவுகணைகளும் ஓசையின்றி அகற்றப்பட்டன. கென்னடியின் நெருங்கிய உதவியாளர் சோரன்சன் 1989இல் மாஸ்கோவில் நடந்த கருத்தரங்கொன்றில் ஒப்புக்கொள்ளும்வரை, இந்த உடன்பாட்டை அமெரிக்கத் தரப்பு மூடியே வைத்திருந்தது.

இதன் பொருள் என்ன? இருவருமே விலகினார்கள். ஒருவர் பகலில் விலகினார். மற்றவர் இருளில் விலகினார். பகலில் விலகியவர் தோற்றவர் எனப் பெயர் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1964 அக்டோபரில் குருஷேவ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். கியூபா விவகாரம் அவர்மீது சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. இருளில் விலகியவருக்கு வெற்றி வீரர் என்ற புகழ் கிடைத்தது.

கென்னடியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. படைத்தலைவர்கள் அத்தனை பேரும் போர் என்றபோது, அவர் போர் வேண்டாம் என்றார். முதல் உலகப்போருக்குள் அரசர்களும் அமைச்சர்களும் எவ்வாறு அறியாமலே இடறி விழுந்தார்கள் என்பதை விளக்கும் பார்பரா டக்மனின் வரலாற்று நூலை அவர் அவ்வாண்டில்தான் படித்திருந்தார். அப்பாடம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஆற்றிய ஓர் உரையில், அவமானத்தோடு பின்வாங்குவது அல்லது அணுப்போர் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு எதிரியைத் தள்ளலாகாது என்ற கருத்தை அவரே வெளியிட்டார். அம்மாதமே இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடிச் செய்தித் தொடர்புக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஆகஸ்டில் வெளிவெளியான அணுச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று.

ஆயினும் அந்த மறைப்புக்கு ஒரு விலை உண்டு. பின்வந்த தலைமுறைகள் தவறான பாடத்தைக் கற்றன. 'உறுதியாக நின்றால் எதிரி பணிவான்' என்ற பாதியை மட்டும் கற்றன. 'தானும் ஓரடி விலகியதால்தான் எதிரி விலகினான்' என்ற மறு பாதி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஏன் மறைத்தார்? நேச நாடுகளின் நம்பிக்கை குலையும் என்ற கவலை இருந்தது. அதோடு, தம் மக்களின் ஏளனத்துக்கும் அவர் அஞ்ச வேண்டியிருந்தது. நவம்பரில் அங்கே தேர்தல். அதாவது, தெருவின் இருபுறமும் நின்று கைகொட்டும் கூட்டத்துக்கு அஞ்சி, தாம் செய்த நல்ல செயலையே அவர் மறைக்க நேர்ந்தது. வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். தலைவனை விளிம்புக்குத் தள்ளுவது எதிரி மட்டும் அன்று. வேடிக்கை பார்க்கும் நாமும் தள்ளுகிறோம்.

ஹில்மும் ஜஹ்லும்

அரபு மொழியில் 'ஜஹ்ல்' என்ற சொல்லுக்கு அறியாமை என்று இன்று பொருள் சொல்கிறோம். பழைய அரபுக் கவிதைகளைக் கற்றவர்கள் அதன் மற்றொரு பொருளையும் அறிவார்கள். முன்பின் பாராமல் கொதித்தெழும் முரட்டுத்தனத்தையும் அது குறித்தது. அறியாமைக் காலத்துக் கவிஞர்கள் சிலர் அதைப் பெருமையாகவே பாடினர். அதற்கு எதிர்ச்சொல்லாக நின்றது 'ஹில்ம்'. அடிக்க வலிமை இருந்தும் கையை அடக்கிக்கொள்ளும் பண்பே ஹில்ம். வலிமையற்றவனின் அடக்கத்தை அரபிகள் ஹில்ம் என்று அழைப்பதில்லை. 'ஹலீம்' என்பது இறைவனின் திருநாமங்களுள் ஒன்று என்பதை எண்ணும்போது இச்சொல்லின் உயரம் விளங்கும்.

அரபு மத்ரசாக்களில் முஅல்லகாத் கவிதைகளைப் பயின்றவர்களுக்கு தாஹிஸ், கப்ரா என்னும் இரு குதிரைகளின் கதை தெரிந்திருக்கும். அப்ஸ், துப்யான் என்னும் இரு குலத்தார் அக்குதிரைகளை ஓட்டிப் பந்தயம் கட்டினார்கள். பந்தயத்தில் சூது நடந்தது. அதிலிருந்து மூண்ட போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்வர். பந்தயம் கட்டியவர்கள் ஒட்டகங்களைத்தான் பணயம் வைத்தார்கள். பறிபோனவையோ பிள்ளைகளின் உயிர்கள். இறுதியில் ஹரிம் பின் ஸினான், ஹாரிஸ் பின் அவ்ஃப் என்னும் இருவர் முன்வந்து, தாங்கள் செய்யாத கொலைகளுக்கெல்லாம் இழப்பீட்டைத் தாங்களே ஏற்றுப் போரை நிறுத்தினார்கள். கொடுத்த ஒட்டகங்கள் மூவாயிரம் என்பர். கவிஞர் ஸுஹைர் தம் புகழ்பெற்ற கவிதையில் போற்றியது வாளேந்தியவர்களை அன்று. ஒட்டகம் கொடுத்த இவ்விருவரையே. எதைப் புகழ்வது என்று அறிந்திருந்த கவிஞர் அவர்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நிகழ்ந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்ததே. உம்ராச் செய்ய வந்த நபி பெருமானாரையும் (ஸல்) தோழர்களையும் குறைஷியர் மறித்தனர். தூது சென்ற உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டார் என்ற வதந்தி பரவியபோது, தோழர்கள் மரத்தடியில் உயிரையும் கொடுப்பதாக உறுதிமொழி அளித்தார்கள். ஆகவே அங்கு உறுதிக்குக் குறைவில்லை. அதற்குப் பின்னரே உடன்படிக்கை எழுதப்பட்டது. 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று குறைஷியரின் தூதர் ஸுஹைல் பிடிவாதம் பிடித்தார். அண்ணலார் அதை நீக்கச் செய்து, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுதச் செய்தார்கள். அவ்வாண்டு திரும்பிப் போய்விடவும் இசைந்தார்கள். உமர் (ரலி) போன்ற மாவீரர்களே மனம் பொறாமல் தவித்தார்கள். தோழர்கள் திகைத்து அசையாமல் நின்றபோது, உம்மு ஸலமா (ரலி) அன்னையார் கூறிய யோசனைப்படி, அண்ணலார் தாமே முன்சென்று தம் பலியை நிறைவேற்றித் தலைமுடியைக் களைந்தார்கள். பிறகே மற்றவர்கள் பின்பற்றினார்கள். அதனைத் தெளிவான வெற்றி என்றே திருமறை குறிப்பிட்டது.

இங்கு இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விட்டுக்கொடுக்கப்பட்டது ஒரு பட்டத்தின் எழுத்து, கொள்கை அன்று. கௌரவத்துக்கும் கொள்கைக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைவன் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்த விட்டுக்கொடுத்தல் அனைவரின் கண்முன்னே, பட்டப்பகலில் நடந்தது. தோழர்களின் வருத்தத்தையும் முணுமுணுப்பையும் தாங்கிக்கொண்டு நடந்தது. ஆகவேதான் பின்வந்தோருக்கு அது முழுப் பாடமாக நிலைத்தது.

நம் ஊர் கண்ட இரண்டு காட்சிகள்

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று எண்ண வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இரு வல்லரசுகள் மோதிக்கொண்ட களம் நம் புதுச்சேரி.

1760ஆம் ஆண்டு ஆங்கிலத் தளபதி அயர் கூட் இந்நகரை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி பணிய மறுத்தார். உணவு குறைந்தது. நவம்பர் இறுதியில் லாலி, நகரில் வாழ்ந்த நம் மக்களில் சுமார் 1,400 பேரை, ஆண் பெண் குழந்தைகள் என்று பாராமல், கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் தம் காவல் எல்லையைக் கடக்க அவர்களை விடவில்லை. நகரின் கதவும் மீண்டும் திறக்கவில்லை. இரு படைகளுக்கும் நடுவே எட்டு நாட்கள் அவர்கள் புல்லின் வேரைத் தின்று கிடந்தார்கள். அதன்பிறகே ஆங்கிலேயர் வழிவிட்டனர். இதை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர். 1761 ஜனவரியில் நகரம் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. லாலி பாரிசில் 1766இல் தலை வெட்டப்பட்டு மாண்டார். இரு தளபதிகளின் பெயரும் வரலாற்றில் உள்ளன. நடுவில் கிடந்த 1,400 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கேரியரில் அமர்ந்திருப்பவர்களின் பெயரை வரலாறு எழுதிவைப்பதில்லை.

இதே ஊர் மற்றொரு காட்சியையும் கண்டது. 1947க்குப் பின் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே இம்மண்ணைக் குறித்துப் பிணக்கு முற்றியது. சுங்க வேலியும் பண்டத் தட்டுப்பாடும் கைதுகளும் அடிதடிகளும் இருந்தன. மக்கள் அனைவரின் வாக்கெடுப்பு இன்றி மண்ணைத் தர இயலாது என்றது பிரான்சு. வாக்கெடுப்பே தேவையில்லை என்பது இந்தியாவின் நிலை. முடிவில் இருவரும் ஓரடி விலகினார்கள். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. 1956இல் உடன்படிக்கை கையெழுத்தான போதிலும், அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. இந்தியா காத்திருந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் வழி விடப்பட்டது. இன்றும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சகோதரர் இங்கும் ஒருவர் பிரான்சிலுமாக உறவு தொடர்வது, அன்று திறந்துவைக்கப்பட்ட அந்த வாசலின் பயன்.

வெளியேறியவன் தோற்றதாக எண்ணவில்லை. வந்தவன் வென்றதாக எக்காளமிடவில்லை. பீரங்கி முழங்கிய 1760ஐப் போலன்றி, கீழூருக்குச் சிலை வடிக்கும் அளவுக்கு வீரக்கதை எதுவுமில்லை. ஆனால் நாம் இன்று உயிரோடும் உறவோடும் இருப்பது கீழூரால்தான்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் மறுக்கக்கூடும்: "எதிரி கொடியவனாக இருந்தால் என்ன செய்வது? 1938இல் ம்யூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார்களே, போர் நின்றதா? அஞ்சி விலகுபவனை உலகம் மிதித்துவிடாதா?"

நியாயமான மறுப்பு. விலகுதல் எப்போதும் நன்று என்று நான் கூறவில்லை. ம்யூனிக்கில் விட்டுக்கொடுத்தவர்கள் தங்களுடையதை விட்டுக்கொடுக்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தை, அந்நாட்டை மேசையில் அமர்த்தாமலே, எடுத்துக் கொடுத்தார்கள். பிறர் பொருளை விட்டுக்கொடுப்பது ஹில்ம் அன்று. அதே போல, பிறர் உயிரைப் பணயம் வைப்பதும் வீரம் அன்று. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

ஒரு மனிதன் தன் உயிரைத் துச்சமாக எண்ணிப் போரிட்டால் அவனை வீரன் என்போம். அவ்வுயிரைச் செலவிட முன்வந்தவன் அவனே. கோடிக்கணக்கானோரின் உயிர் தலைவனிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதோ அமானிதமாக. பக்கத்து வீட்டார் ஹஜ்ஜுக்குப் போகும்போது நம்மிடம் நகையை ஒப்படைக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சூதாட்டத்தில் வைத்து, வென்றுவிட்டு, நகையை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும், நாம் செய்தது நம்பிக்கைத் துரோகம் அன்றோ? வென்றதனால் அது நேர்மையாகிவிடாது. விளிம்பு அரசியலில் வெற்றி பெற்ற தலைவர்களை நாம் புகழும்போது இதனை மறந்துவிடுகிறோம்.

அணுகுண்டு வந்தபின் இவ்வேறுபாடு பன்மடங்கு கூர்மையாகிவிட்டது. ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் உலகில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நம் துணைக்கண்டத்திலும் 1998 மே மாதத்தில் இரு நாடுகள் அடுத்தடுத்துச் சோதனை நடத்தின. மறு ஆண்டே கார்கிலில் போர். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டபின் இரு படைகளும் ஏறத்தாழப் பத்து மாதங்கள் எல்லையில் எதிரெதிரே நின்றன. அந்த இருளிலும் ஒரு சிறு விளக்கு அணையவில்லை. இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் நாள் பரிமாறிக்கொள்வது 1992 முதல் உள்ள வழக்கம். 2002 ஜனவரி 1ஆம் நாளும் அது தவறவில்லை. இவற்றைத் தாக்காதே என்று பகைவனிடமே பட்டியல் கொடுப்பது கோழைத்தனமா? கேரியரில் யார் இருக்கிறார்கள் என்பதை இருவரும் மறக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

நம் பங்கு

நாம் தலைவர்கள் அல்லர். நம் கையில் எந்தப் பொத்தானும் இல்லை. ஆயினும் கைகொட்டுவதும் கைகொட்டாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. எல்லையில் பதற்றம் எழும்போதெல்லாம் தொலைக்காட்சியில் முழக்கமிடுவோரை நாம் ஆர்வத்தோடு பார்க்கிறோம். பேச்சு வார்த்தை என்று எவரேனும் சொன்னால் ஏளனம் செய்கிறோம். வீட்டிலும் அப்படியே. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி ஒருவர் இறங்கி வந்தால், 'தோற்றுவிட்டான்' என்று உறவுக்குள் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே எத்தனை பேர் இறங்கி வராமல் இருக்கிறார்கள்! பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். என் தெருவில் கைகொட்டிய கூட்டத்துக்கு அப்பாடத்தை யார் கற்றுக் கொடுத்தது?

மறுநாள் மாலை அவ்விரு சிறுவர்களையும் அழைத்தேன். வென்றவனைக் கண்டிக்கவில்லை. அவன் தங்கையை அருகில் அமர்த்தி, "நேற்று வண்டியில் போனாயே, எப்படி இருந்தது?" என்று கேட்டேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு சாக்கடையில் விழுந்தவனைப் பார்த்தாள். "நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள்.

அண்ணன் தலைகுனிந்துகொண்டான். சற்று நேரம் கழித்து, மற்றவனின் முழங்கைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டான்.

அவன் கேட்ட வினாவுக்கு நான் அன்று சொன்ன விடை சுருக்கமானது. இப்போது விரித்துச் சொல்கிறேன்: நீ கோழை அல்லை, மகனே. உன் முழங்கையின் தோலை நீ கொடுத்தாய், அது உன்னுடையது. அந்தப் பாப்பா உன்னுடையவள் அல்லள். அவளை நீ பணயம் வைக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி விழுந்தாய், ஏளனத்தைத் தாங்கினாய். நாளை நீ வளர்ந்து எங்கே, எதற்குத் தலைவனானாலும், அன்றும் உன் கை அந்தப் பக்கமே திரும்பட்டும்.